கம்ப்யூட்டர் தானாக அணைந்தால் ஃபார்மேட் போட அவசரப்பட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் நாங்கள். பொத்தானை அமுக்கினால் ஓடத் தொடங்கி, சற்று நேரத்தில் தானாகவே அணைந்துவிடும் கம்ப்யூட்டர்களைப் பற்றியே இந்தக் கடிதம். வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் பள்ளி ஆய்வகங்களிலும் அடிக்கடி வரும் கோளாறு இது. "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மேட் போடணும்" என்பதுதான் பல இடங்களில் இதற்கு முதலில் கிடைக்கும் பதில். ஃபார்மேட் போட்டுக் கொண்டுவந்த பிறகும் சிஸ்டம் அதேபோல அணைகிறது. படங்களும் கணக்குகளும் போனதுதான் மிச்சம். ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் தானாக முடிவெடுத்து அணைத்தால் திரையில் அணைக்கிறோம் என்ற அறிவிப்பு வரும், சக்கரம் சுழலும், பிறகுதான் விளக்கு அணையும். விண்டோஸில் பெரிய பிழை என்றால் நீலத்திரை வரும். இரண்டும் இல்லாமல் திரை, விசிறி, விளக்கு எல்லாம் ஒரே நொடியில் நின்றால், அது பெரும்பாலும் மின்சாரத்தையோ சூட்டையோ சேர்ந்த விஷயம். அடுத்த முறை ஓடும்போது ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேடு) 'கர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். அதைக் காட்டி விண்டோஸ்மேல் பழி போடுவது சரியல்ல. போன முறை முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. ஏன் அணைந்தது என்று சொல்வதில்லை.

விண்டோஸ்மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்கச் சுலபமான வழி பயாஸ்தான் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள அமைப்புத் திரை). ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். ஹெச்பி சிஸ்டங்களில் எஃப்10, லெனோவோ அலுவலக மாடல்களில் எஃப்1. அங்கே எதையும் மாற்றாமல் இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். பயாஸில் இருக்கும்போது விண்டோஸ் ஓடுவதே இல்லை. அங்கேயும் அணைந்தால் ஃபார்மேட் பேச்சை அத்துடன் விட்டுவிடலாம். பயாஸில் அணையாமல் ஓடி, விண்டோஸில் மட்டும் அணைந்தாலும் உடனே மென்பொருள் என்று முடிவு கட்டக் கூடாது. விண்டோஸ் ஏறும்போது பிராசசர் அதிக மின்சாரம் இழுக்கும், பலவீனமான எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தை மாற்றிப் பாகங்களுக்குத் தரும் பெட்டி) அப்போதுதான் கையை விரிக்கும். பென் டிரைவில் லினக்ஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதிலும் அணைந்தால் பெட்டிக்குள்தான் குறை.

அடுத்தது கடிகாரம். எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட், அல்லது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாக நான்கைந்து விநாடியில் அணைந்தால் பவர் பொத்தான் உள்ளே சிக்கியிருக்கிறது. பத்து விநாடி முதல் ஒரு நிமிடத்துக்குள் என்றால் பிராசசர்மேல் இருக்கும், அதன் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கைப் பார்க்க வேண்டும். கால் மணி, அரை மணி ஓடி அணைந்தால் தூசி, நின்றுபோன விசிறி, அல்லது எஸ்எம்பிஎஸ் சூடு. காலையில் நாலைந்து முறை அணைந்து அணைந்து, பிறகு நாள் முழுக்க நன்றாக ஓடினால் எஸ்எம்பிஎஸ்ஸிலோ மதர்போர்டிலோ உள்ள கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சிறு பாகங்கள்) கிழடாகிவிட்டன. குளிர்ந்திருக்கும்போது அவை சரியாக வேலை செய்வதில்லை, சூடேறியதும் ஓரளவு தேறிக்கொள்ளும். ஆகவே கடைக்குக் கொண்டுபோகும் முன் கைப்பேசியில் நேரம் பார்த்து இரண்டு முறை குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலமுறை இதுவே காரணமாக இருக்கிறது. பிராசசர் எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவை 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அப்படியும் சூடு ஏறினால் மின்சாரத்தையே துண்டிக்கச் சொல்லிவிடுகின்றன. அந்தத் துண்டிப்புதான் நமக்குத் திடீர் அணைப்பாகத் தெரிகிறது. பயாஸில் 'ஹார்டுவேர் மானிட்டர்' அல்லது 'பிசி ஹெல்த்' என்ற பக்கத்தில் பிராசசரின் சூடு தெரியும். மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறையில்கூட 45 முதல் 55 வரை நின்றால் பரவாயில்லை. கண்முன்னே விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறி 80, 90 என்று போனால் ஹீட்சிங்க் பிராசசரைச் சரியாகத் தொடவில்லை.

இன்டெல் சிஸ்டங்களுடன் வரும் ஹீட்சிங்க்குக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் புஷ்-பின் இருக்கும். வீடு மாற்றும்போதோ, வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோகும்போதோ இவற்றில் ஒன்று கழன்றுகொள்ளும். பழைய பிளாஸ்டிக் என்றால் உடைந்தே போகும். ஒரு மூலை தூக்கிக்கொண்டாலே போதும், சிஸ்டம் அரை நிமிடம்கூட ஓடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு ஹீட்சிங்க்கை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது. மறுபடி மாட்டும்போது பலரும் தவறுவது இங்கேதான்: பின்னின் தலையில் உள்ள அம்பு, கழற்றுவதற்கான திசையைக் காட்டுகிறது. மாட்டும் முன் நான்கு தலைகளையும் அம்புக்கு எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு, குறுக்கு மூலைகள் இரண்டை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். 'டக்' என்று கேட்கும். பிறகு மற்ற இரண்டு. முடிந்தால் போர்டின் பின்பக்கம் பார்த்து, நான்கு துளைகளிலும் பின்னின் கால்கள் ஒரே அளவு வெளியே வந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹீட்சிங்க்கைத் தூக்கினால் பழைய பேஸ்ட்டுடன் (பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) திரும்ப வைக்கக் கூடாது. காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, பிராசசரின் நடுவில் ஒரு மிளகு அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். அமுக்கும்போது அதுவே பரவிக்கொள்ளும். கரண்டிக் கணக்கில் அப்பினால் சூடு கடத்துவதற்குப் பதில் தடுக்கத்தான் செய்யும். பற்பசையை வைப்பதெல்லாம் கூடவே கூடாது. ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் அமரும் இடம்) உள்ள போர்டுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. காய்ந்த பேஸ்ட் பிசின்போல் ஒட்டிக்கொண்டு, ஹீட்சிங்க்கை நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடியில் உள்ள முட்கள் வளைந்துபோகும். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடுகாட்டி, இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, ஒட்டு விட்ட பிறகே தூக்குங்கள்.

விசிறியையும் பாருங்கள். அதன் ஒயர் மதர்போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும். வேறு இடத்தில் செருகினால் விசிறி சுற்றினாலும் போர்டுக்குத் தெரியாது. சில போர்டுகள் 'ஃபேன் எரர்' என்று நின்றுவிடும், சில அணைந்துவிடும். புளோயரால் தூசி அடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது கண்மண் தெரியாமல் சுற்றினால் பேரிங் போய்விடும், போர்டுக்குள் தேவையில்லாத வோல்ட்டும் பாயும். இன்னொன்று, தூசி படியாமல் இருக்கக் கேபினெட்மேல் பிளாஸ்டிக் உறை போடும் பழக்கம் இங்கே நிறைய. சிஸ்டம் ஓடும்போது அந்த உறையைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

பவர் பொத்தான் சங்கதி சின்னதுதான், ஆனால் இதற்காக மதர்போர்டையே மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். பொத்தானை நான்கு விநாடி விடாமல் அமுக்கினால் சிஸ்டம் அணைய வேண்டும் என்பது வடிவமைப்பிலேயே உள்ளது. உப்புக் காற்றில் பொத்தானின் ஸ்பிரிங் துருப்பிடித்து உள்ளேயே தங்கிவிட்டால், யாரோ விடாமல் அமுக்கிக்கொண்டிருப்பதாக போர்டு எடுத்துக்கொள்ளும். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதிய இரண்டு கம்பி இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முட்களையும் தட்டை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு விநாடி சேர்த்துத் தொட்டு எடுங்கள். சிஸ்டம் ஓடத் தொடங்கும். அணையாமல் நின்றால் குறை பொத்தானில்தான். புதுப் பொத்தான் கிடைக்கும் வரை, ரீசெட் பொத்தானின் இணைப்பை எடுத்து அதே முட்களில் செருகிவிட்டால் ரீசெட்டே பவர் பொத்தானாக வேலை செய்யும். செலவே இல்லை.

உடனடியாக அணையும் சிஸ்டங்களில் ஷார்ட்டைத் தேட ஒரு முறை இருக்கிறது. முதலில் பின்னால் செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடுத்து முன்பக்க யுஎஸ்பி இணைப்புகளின் ஒயர்களை போர்டிலிருந்து கழற்றுங்கள். பென் டிரைவைத் தலைகீழாக அழுத்திச் செருகிச் செருகி உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஹார்டு டிஸ்க், டிவிடி, கூடுதல் கார்டுகள் எல்லாவற்றையும் நீக்கி, பிராசசர், ஹீட்சிங்க், ஒரே ஒரு ராம் மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினால் திரை வருமா என்பது பிராசசரைப் பொறுத்தது. பெயரின் முடிவில் 'எஃப்' உள்ள இன்டெல் பிராசசர்களில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. அவற்றில் திரை வராததைக் கோளாறாக எண்ண வேண்டாம். அப்போதும் அணைந்தால் போர்டை கேபினெட்டிலிருந்து எடுத்து, ஒரு காய்ந்த அட்டைமேல் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளியே அணையாமல் ஓடி, உள்ளே அணைந்தால் கேபினெட்டில்தான் தொடுதல்: போர்டின் துளை இல்லாத இடத்தில் முளைத்திருக்கும், போர்டைத் தாங்கும் பித்தளைக் கால், கழன்று விழுந்த ஸ்குரூ, பின்பக்கத் தகட்டின் நாக்கு லேன் ஜாக்குக்குள் போயிருப்பது, இவையே வழக்கமான குற்றவாளிகள். பல்லியும் எறும்பும் இந்தப் பட்டியலில் உண்டு. கதகதப்பைத் தேடிப் பெட்டிக்குள் போகும் பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அதோடு சிஸ்டமும் நின்றுவிடும். பின்பக்கக் கார்டு இடைவெளிகளைத் தகடு போட்டு மூடி வைப்பதே அதற்கு வழி.

ராமைக் கழற்றும்போது அதன் தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். ராம் சரியாகப் பிடிக்காத போர்டுகள் ஆன் ஆகி, அணைந்து, மறுபடி தானாகவே ஆன் ஆகிக்கொண்டிருக்கும். ஆனால் புது ராம் போட்டவுடன் முதல் முறை மட்டும் ஓரிரு தடவை அப்படி நடந்தாலோ, டிடிஆர்5 ராம் உள்ள சிஸ்டத்தில் சில நிமிடம் திரை கறுப்பாக இருந்தாலோ அது கோளாறல்ல. போர்டு ராமைப் பழக்கிக்கொள்கிறது. நடுவில் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

இனி எஸ்எம்பிஎஸ். இங்கேதான் வாங்குபவர் அதிகம் ஏமாறுகிறார். பெட்டிமேல் '450 வாட்' என்று பெரிதாக அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டால் பெருக்கினால் 168 வாட்தான். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். 65 வாட் பிராசசர், ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வரை இழுக்கும் ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க், விசிறிகள் என்று சேர்த்தால் இந்த எஸ்எம்பிஎஸ் எல்லையைத் தொட்டுவிடும். பிராசசர்கள் தேவைப்படும்போது தங்கள் 65 வாட்டைத் தாண்டியும் கொஞ்ச நேரம் இழுப்பவை. சாதாரணமாக ஓடும் சிஸ்டம் விளையாட்டையோ வீடியோ எடிட்டிங்கையோ திறந்தவுடன் அணைவது இதனால்தான்.

சோதிப்பது எப்படி? மல்டிமீட்டர் இருந்தால், சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 24 முள் இணைப்பின் பின்பக்கமாக முனையை நுழைத்து அளக்கலாம். கறுப்புக் கம்பியோடு ஒப்பிட, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 இருக்க வேண்டும். ஊதாக் கம்பியில் பொத்தானை அமுக்கும் முன்பே 5 வோல்ட் வந்திருக்கும். பச்சைக் கம்பியையும் கறுப்பையும் சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. விசிறி சுற்றுகிறது, ஆகவே நல்லது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சுமை இல்லாமல் ஓடுவது வேறு, சுமை தாங்குவது வேறு. கண நேரம் வோல்ட் இறங்கி ஏறுவதைச் சாதாரண மல்டிமீட்டரும் காட்டாது. நன்றாக இருக்கும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அப்படி மாற்றும்போது பிராசசர் பக்கத்தில் இருக்கும் 4 முள் அல்லது 8 முள் இணைப்பை மறக்காதீர்கள். 24 முள் இணைப்பை மட்டும் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. டெல், ஹெச்பி போன்ற பல பிராண்டட் சிஸ்டங்களில் இணைப்பின் வடிவமே வேறு. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அதில் திணிக்கக் கூடாது. ஒயர்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில், ஒன்றின் ஒயரை இன்னொன்றில் போடவே போடாதீர்கள். முனை ஒன்றாகப் பொருந்தினாலும் உள்ளே வரிசை மாறியிருக்கும். ஹார்டு டிஸ்க் அந்த இடத்திலேயே போய்விடும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாகி, அங்கிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்குமேல் தேங்கி நிற்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். பின்பக்கம் 115/230 என்ற சிவப்பு ஸ்விட்ச் உள்ள பழைய மாடல்களில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். குழந்தைகள் அதைத் தள்ளிவிட்டால் வெடிச் சத்தத்தோடு போய்விடும்.

சில நேரம் குறை சிஸ்டத்திலேயே இருக்காது. யுபிஎஸ்ஸைத் தவிர்த்துச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 600 விஏ யுபிஎஸ் என்பது சுமார் 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும்; தெருவில் வோல்ட் ஒரு கணம் இறங்கினாலும் அது தாங்காமல் சிஸ்டத்தைக் கைவிட்டுவிடும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் போடவே கூடாது. பவுடரை உருக்கும் உருளை சூடாகும்போது அது பல நூறு வாட் இழுக்கும், யுபிஎஸ் சுமை தாங்காமல் நிற்கும், பக்கத்தில் இருக்கும் சிஸ்டமும் அணையும். 'பிரிண்ட் கொடுத்தால் சிஸ்டம் ஆஃப் ஆகுது' என்று வரும் ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குப் பெரும்பாலும் பிளக்கை மாற்றிச் செருகச் சொல்லி அனுப்புகிறோம். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்றால் எர்த் இல்லை என்று பொருள். அது அணைவதற்குக் காரணமாக இல்லாவிட்டாலும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டிய விஷயம். புயல் மழைக்குப் பிறகு வீட்டில் ஒரு விளக்கு மங்கி இன்னொன்று பளீரென்று எரிந்தால் நியூட்ரல் விட்டிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு மின்துறைக்குச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் பிறகு.

மதர்போர்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் சந்தேகப்படலாம். பிராசசரைச் சுற்றி இருக்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அவற்றை மாற்ற வேண்டும், பல போர்டுகள் அதோடு பிழைத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாத நிலையில் பிராசசருக்கான 4 முள் சாக்கெட்டின் 12 வோல்ட் முனைக்கும் கறுப்பு முனைக்கும் இடையே மல்டிமீட்டர் விடாமல் பீப் அடித்தால் மாஸ்ஃபெட் (பிராசசருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடித் தரும் பாகம்) ஷார்ட். சிப் லெவல் வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். போர்டில் இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி இந்தக் கோளாறுக்கு அரிதாகவே காரணம். தேதி மாறிக்கொண்டே இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் பேட்டரியை எடுத்தால் பயாஸ் ரீசெட் ஆகலாம்; அதற்கு முன், புது விண்டோஸ் சிஸ்டங்களில் பிட்லாக்கர் பூட்டு (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் கோப்புகளைத் திறக்க முடியாது.

நம் ஊர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது கடற்காற்று. தேவனாம்பட்டினம், தாழங்குடா, கடலூர் துறைமுகம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் பக்கத்து வீடுகளில் இருந்து வரும் போர்டுகளில் ராம் ஸ்லாட்டிலும் யுஎஸ்பி முனைகளிலும் பச்சைக் களிம்பைப் பார்க்கிறோம். உப்பு கலந்த தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமான உப்பில் மின்சாரம் கசியும். சிஸ்டத்தை ஜன்னலுக்கு நேரே வைக்காமல், தரையிலிருந்து அரையடி உயர்த்தி வையுங்கள். பூட்டி வைப்பதைவிட ஓட்டுவதே அதற்குப் பாதுகாப்பு, உள்ளே வரும் சூடு ஈரத்தை விரட்டும். கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த பள்ளி ஆய்வகங்களில் ஜூன் மாதம் வரிசையாக சிஸ்டங்கள் அணைந்து அணைந்து நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். வாரம் ஒருமுறை யாராவது ஒரு மணி நேரம் ஓட்டி வைத்தால் அந்தச் செலவு மிச்சம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்தடுத்த நாள்களில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்ததை இந்தப் பகுதி மறக்காது. தண்ணீர் புகுந்த சிஸ்டத்தை 'ஓடுதா பார்ப்போம்' என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்கிறது. பிளக்கை எடுங்கள், சிஆர்2032 பேட்டரியையும் எடுங்கள், போர்டை டிஸ்டில்டு வாட்டரால் அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, விசிறிக் காற்றில் பல நாள் உலரவிடுங்கள். வெயிலில் சுட வைக்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ் நனைந்திருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

காரணம் தெரியும் வரை அந்த சிஸ்டத்தை மீண்டும் மீண்டும் ஆன் செய்வதை நிறுத்துங்கள். ஒவ்வொரு திடீர் அணைப்பிலும் ஹார்டு டிஸ்க்கில் படித்து எழுதும் முள் அவசரமாக ஒதுங்குகிறது, எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கிறது. டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முக்கியமானதை முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். பழுது என்ன ஆனாலும் அதன்பிறகு கவலையில்லை.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை விநாடியில் அணைந்தது, பயாஸில் சூடு எவ்வளவு, 12 வோல்ட் வரிசையில் எவ்வளவு வந்தது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற நான்கையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள், கழற்றிய பாகத்தையும் வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். டிஸ்க்கைத் தொடும் முன் அவர்களின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஃபார்மேட் போடக் கூடாது. பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் ஒரு டியூப் பேஸ்ட், நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று, ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றைக் கையிருப்பில் வைத்திருந்தால், பழைய இரும்புக்குப் போகும் பல சிஸ்டங்கள் அதே மேசையில் மறுபடி ஓடும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் எதைச் சுருக்கினாலும், எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம் என்பதையும் நனைந்த சிஸ்டத்தை ஆன் செய்ய வேண்டாம் என்பதையும் மட்டும் விட்டுவிடாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பழுதுநீக்கும் தொழிலாளர்கள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.